அருள் என்று நினைத்த தூக்கம்

போன தவக்காலத்தில் ஒரு காலை, நின்றுகொண்டிருந்த காய்கறி வண்டியில் என் ஸ்கூட்டி போய் மோதியது. ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்திருக்கிறேன். பின்னால் உட்கார்ந்திருந்த என் மகள் ஜெனிக்கு முழங்கை தேய்ந்து ரத்தம். அவள் அழவில்லை. "ம்மா, நீ தூங்கிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது.

என் பெயர் ரோஸ்லின். நெல்லித்தோப்பில் இருக்கிறோம். ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை.

படுத்தவுடன் தூங்குகிறவள் நான். ஆனாலும் காலையில் அடித்துப் போட்டது போல எழுவேன். தலை கனக்கும். குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று நினைவிருக்காது. மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை. ரத்தம் கம்மி, பீட்ரூட் சாப்பிடு என்றார்கள். சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. "ஆண்டவரே, என் பிள்ளையை நானே கொன்றுவிடாமல் காப்பாற்றும்" என்று தினமும் அழுது மன்றாடினேன்.

எங்கள் மாதா கோயிலில் வெள்ளிக்கிழமை நடக்கும் செபக் கூட்டத்தில் தலைமேல் கை வைத்துச் செபிக்கும்போது சிலர் அப்படியே சாய்ந்துவிடுவார்கள். ஆவியில் இளைப்பாறுதல் என்போம். நானும் சாய்வேன். மற்றவர்கள் சற்று நேரத்தில் எழுந்துவிடுவார்கள், நான் கடைசிப் பாட்டு வரைக்கும் கிடப்பேன். "ரோஸ்லினுக்கு எவ்ளோ அருள் பாரு" என்று பேசிக்கொண்டார்கள். தங்களுக்காகச் செபிக்கச் சொல்லி வீட்டுக்கே வந்தவர்களும் உண்டு. நானும் அதை அருள் என்றே நம்பினேன். அப்படி நம்ப ஆசையாகவும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிலோமினா அக்கா என் பக்கத்தில் இருந்தார். நான் சாய்ந்ததும் குறட்டை ஆரம்பித்ததாம். பாடற்குழு சத்தத்தைக் கூட்டிச் சமாளித்திருக்கிறது. திடீரென்று குறட்டை நின்றது. எல்லாருக்கும் நிம்மதி, அக்காவுக்கு மட்டும் பயம். நெஞ்சு ஏறி இறங்குகிறது, மூச்சு உள்ளே போகவில்லை. பிறகு ஒரு திணறல், மறுபடியும் குறட்டை. அவர் என்னை ஒருக்களித்துத் திருப்பி எழுப்பினார்.

"இது இளைப்பாறுதல் இல்ல ரோஸ்லின். உனக்கு மூச்சு நின்னு நின்னு வருது. நாளைக்கே டாக்டரப் பாரு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. பொம்பளை குறட்டை விடுவது கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டதே. வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். ஹாலில்தான் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி, அவர் அங்கே படுக்கத் தொடங்கி வெகு நாளாயிற்று.

"உனக்கு மனசு கஷ்டமாயிடும்னுதான் சொல்லல" என்றார். "தெருமுனை வரைக்கும் கேக்குது."

மருத்துவமனையில் ஒரு இரவு உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்துப் பரிசோதித்தார்கள். தூக்கத்தில் என் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு தடைப்படுகிறது, அதனால்தான் பகலில் தூக்கமும் இறங்காத பிரஷரும் என்றார் டாக்டர். விட்டுவிட்டால் இதயத்துக்கும் ஆபத்தாம். நோய் லேசாக இருப்பவர்களுக்கு எடை குறைப்பதும் பக்கவாட்டில் படுப்பதும் போதுமாம். சிலருக்குப் பல்லில் மாட்டும் கருவி, சிலருக்கு ஆபரேஷன். என்னுடையது முற்றிய நிலை. காற்றை அழுத்தி அனுப்பும் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கச் சொன்னார்.

"அம்மாவுக்குத் தும்பிக்கை முளைச்சிடுச்சி" என்று ஜெனி சிரித்தாள். முதலில் மூச்சு முட்டுவது போலிருக்கும், பிடுங்கி எறிவேன். வாயைத் திறந்தால் காற்று வெளியே போய்விடும். அதனால் "அருள் நிறைந்த மரியே" என்று மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு கிடப்பேன். மெல்லப் பழகியது. ஒருநாள் விழித்தபோது தலை கனக்கவில்லை. காக்கை கத்துவது கூட இனிமையாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

பிரஷர் இறங்கியது. டாக்டர் சரி என்ற பிறகே ஸ்கூட்டியைத் தொட்டேன். கணவரும் ஹாலை விட்டு வந்துவிட்டார்.

அன்பானவர்களே, ஆண்டவர் என் மன்றாட்டைக் கேட்டார். அத்தனை பேர் முன்னால் என் குறட்டையைக் கேட்க வைத்துத்தான் பதில் தந்தார். உங்கள் வீட்டில் குறட்டை நின்று நின்று வந்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். வெட்கப்பட்டு மூடியும் வைக்காதீர்கள். செபியுங்கள், டாக்டரையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் சண்டை இல்லை.

போன வெள்ளிக்கிழமையும் என் தலைமேல் கை வைத்துச் செபித்தார்கள். நான் சாயவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார், "என்ன ரோஸ்லின், முன்ன மாதிரி அருள் இறங்கல போலிருக்கே?"

"இறங்கினதாலதாம்மா முழிச்சிருக்கேன்" என்றேன்.