சூழ்ச்சியால் வீழ்ந்த ஜெகன்

மானாம்பதி ஜெகன் இந்தியாவுக்காக ரக்பி ஆடியவன். அதுவும் இரண்டு வகையிலும். பதினைந்து பேர் ஆடுவது ஒன்று, பதின்மூன்று பேர் ஆடுவது இன்னொன்று. ஊருக்கு இரண்டும் பந்து வைத்த கபடிதான். சென்னைக் கல்லூரியில் தோள் அகலத்தைப் பார்த்து அணியில் சேர்த்துக்கொண்டார்கள். பத்தாண்டுகள் பதினைந்தில் ஆடிவிட்டு, முட்டி தேய்ந்தபின் பதின்மூன்றுக்கு மாறினான்.

ஆட்டம் மாறியது, கை மாறவில்லை. பதினைந்தில் எதிராளி மடக்கி வீழ்த்தினால் கையிலிருக்கும் பந்தை விட்டுவிட வேண்டும். பதின்மூன்றில் விடவே கூடாது. வெளிநாட்டு அணியோடு பதின்மூன்று பேர் ஆட்டம் ஒன்றின் கடைசி நிமிடம், இந்தியா இரண்டு புள்ளி முன்னால். கீழே விழுந்த ஜெகன், தாம்பூலத் தட்டை வைப்பதுபோல் பந்தை மரியாதையாகப் புல்லில் வைத்தான். எதிராளி எடுத்துக்கொண்டு ஓடினான். நாடு தோற்றது.

அந்த ஆட்டத்தின் வீடியோவை மனைவி கல்பனா தென்னேரியில் தன் பிறந்த வீட்டு உறவு முழுவதற்கும் காட்டினாள். "வியுந்து கெடக்கிறவன் கையிலேர்ந்து புடுங்கிக்கினு ஓடறான் பாரு. இன்னா ஜென்மம் அது?"

அது மானாம்பதி வரை பரவி ஊர் கொதித்தது. ஜெகன் வந்து இறங்கிய இடத்திலேயே பேனர்: 'சூழ்ச்சியால் வீழ்ந்த சிங்கமே, வருக.' திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். மாலை போட்டதுதான் தாங்கவில்லை.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்த்த அன்று மேடையேற்றினார்கள். மைக்கைப் பிடித்து, தலையைக் குனிந்துகொண்டு, "அவன் புடுங்கல. நானாத்தான் வெச்சேன். தப்பு என்னுது" என்றான்.

மாமனார் பன்னீர்செல்வம் எழுந்தார். "பாத்தீங்களா, எதிராளியக்கூடக் காட்டிக்குடுக்க மனசு வர்ல. எம் மாப்ள கொணம் அது."

கைதட்டல்.

"இல்ல மாமா, நெஜமாவே..."

"வுடு மாப்ள. பெருந்தன்மைக்கும் ஒரு அளவு கீது."

உண்மை சொன்னவனைப் பொய்யன் என்று தூற்றிய ஊர்கள் உண்டு. நம்பாமலே கொண்டாடிய ஊர் மானாம்பதிதான்.

வீட்டில் கல்பனா வீடியோவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள். ஜெகனின் விரல்கள் தாமாக விரிவது நன்றாகவே தெரிந்தது.

"நீயாத்தான் வெச்சியா?"

"ஆமா."

"ஓடுனவன் எவ பெத்த புள்ளையோ. ஊரே சேந்து சபிக்க வெச்சிட்டனேய்யா."

அந்த நேரம் பார்த்து வாசலில் பக்கத்து வீட்டு இந்திராணி. "அந்தத் திருட்டுப்பயல இன்னா பண்ணாங்க கல்பனா?"

ஜெகன் தரையைப் பார்த்தான். கல்பனாவுக்கும் அதே தரைதான் கிடைத்தது. "அந்தாளு மேல தப்பில்லக்கா. இவருதான் வுட்டுட்டாரு."

இந்திராணிக்குக் கண் கலங்கிவிட்டது. "புருசனுக்கேத்த பொண்டாட்டிடி நீ" என்றாள்.