நிறுத்தாமல் வாசித்த வசனம்

ஆறேழு வருடங்களுக்கு முன்பு, பெருங்களத்தூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலனியில் நடந்தது இது. மழைக்காலம் தொடங்க இருந்த நேரம். அப்போதெல்லாம் புதன்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் வேதபாடக் கூட்டம் நடக்கும். பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டே போவோம். முடிந்ததும் டீயும் மெதுவடையும் வரும். எனக்கு வேதத்தின் மேலும் வடையின் மேலும் சம பக்திதான்.

கூட்டத்தை நடத்தியவர் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒரு அங்கிள். நல்ல மனிதர். ஆனால் சட்டம், ஒழுங்கு என்றால் உயிர். ஆளே இல்லாத ரோட்டிலும் சிக்னலுக்கு நிற்பவர்.

அன்று கூட்டம் எங்கள் வீட்டில். பாட்டு முடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். ஆடி மாதம் அவர்கள் கோயிலில் கூழ் ஊற்றினால் எங்களுக்கு ஒரு தூக்கு வந்துவிடும், கிறிஸ்துமஸ் கேக் அவர்களுக்குப் போகும். அக்காவின் கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. முந்தைய வருட மழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இப்போது தெருக்கோடியில் யாரோ மனை போடுகிறேன் என்று மண்ணைக் கொட்டி மழைநீர்க் கால்வாயை அடைத்திருந்தார்கள்.

"நாளைக்கு காலீல பேரூராட்சி ஆபீசாண்ட எங்க கூட வாங்க சார். நாங்க நாலு பொம்பளைங்க போய் நின்னா யாரும் கண்டுக்க மாட்டேங்கறாங்க. மழ வந்துச்சுன்னா எங்க வூட்டுக்காரர வச்சிகினு நான் இன்னா சார் பண்ணுவேன்?" என்று அங்கிளிடம் கேட்டார்.

அங்கிள் நெளிந்தார். "கும்பலாப் போய் நிக்கிறதெல்லாம் நமக்கு வேணாம்மா. இன்னைக்கு நாங்க வாசிக்கப்போற பகுதியே, அதிகாரத்துல இருக்கறவங்களுக்குக் கீழ்ப்படியணும்னுதான் சொல்லுது. உங்களுக்காக ஜெபம் பண்றோம்."

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை. ஆனால் வேதத்திலேயே இருக்கிறது என்று சொன்ன பிறகு என்னத்தைப் பேசுவது?

வாசிப்பு தொடங்கியது. அங்கிள் குறித்திருந்தது ஏழு வசனங்கள். அன்று ஆட்கள் அதிகம். ஏழும் முடிந்தது தெரியாமல், அடுத்து உட்கார்ந்திருந்த ஆன்ட்டி தன் முறை வந்துவிட்டது என்று எட்டாவதையும் வாசித்துவிட்டார். அன்பு செலுத்துவதைத் தவிர வேறு எந்தக் கடனும் யாருக்கும் வைக்காதே என்கிற வசனம் அது. அங்கிள் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குவதற்குள் பக்கத்திலிருந்தவர் அடுத்ததை ஆரம்பித்துவிட்டார். அதற்கடுத்தது என் முறை. அன்பு அயலானுக்குத் தீங்கு செய்யாது என்று வாசிக்கும்போது என் தலை தானாக நிமிர்ந்தது. அந்த அயலார் எங்கள் வாசலில்தானே நின்றுகொண்டிருந்தார்.

அங்கிள் தன் வேதப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சேர்த்துத்தான் எழுதியிருக்கு. நான்தான் பாதியில வெட்டிட்டேன்" என்றவர், அக்காவைப் பார்த்து, "காலையில எத்தனை மணிக்குப் போகணும்மா?" என்று கேட்டார்.

மறுநாள் காலனியே கிளம்பியது. அங்கிள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை. கால்வாயை அடைப்பது சட்டப்படி தப்பு என்று பொறுமையாகப் பேசினார். அதிகாரி வந்து பார்க்கிறேன் என்று சொல்லும்வரை நாங்கள் யாரும் நகரவில்லை. இரண்டொரு நாளில் ஜேசிபி வந்து மண்ணை அள்ளியது. அந்த மழையில் தெருவில் தண்ணீர் நின்றதே தவிர, அக்காவின் வீட்டுப் படியைத் தாண்டவில்லை.

இப்போது நாங்கள் மேடவாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறோம். வேதபாடம் போனிலேயே நடக்கிறது, வடை கிடையாது. அந்தப் பாயும் அந்த வட்டமும் அடிக்கடி நினைவுக்கு வந்து ஏங்க வைக்கின்றன. யாராவது ஒரு வசனத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தப் பார்த்தால், நான் அடுத்த வசனத்தையும் வாசித்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் அங்கே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் காத்துக்கொண்டு நிற்கிறார்.