பந்தலில் முடிகிற சாலை

ராயப்பன்பட்டிக்குக் குறுக்கு வழி இருப்பதாகக் கைப்பேசியின் மேப் சொல்கிறது. யாரிடமாவது கேட்கலாம் என்கிறேன் நான். மேப் இருக்கும்போது எதற்கு என்கிறார் காரை ஓட்டும் என் கணவர். தார்ச்சாலை மண்பாதையாகிறது. மண்பாதை ஒரு திராட்சைப் பந்தலுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. நேராகப் போகச் சொல்கிறது மேப். நேரே தலையுயரத்தில் கறுப்புக் கொத்துகள் தொங்குகின்றன.

பந்தலோரம் தராசும் கூடைகளுமாக ஓர் அக்கா உட்கார்ந்திருக்கிறார்.

"மேப்பப் பாத்துத்தான வந்தீக?" என்று கேட்டபடியே ஒரு கொத்தைத் தண்ணீரில் அலசுகிறார்.

கணவர் தலையாட்டுகிறார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது.

"முதல்ல மெயின் ரோட்டுல கடை போட்டேன், ஒருத்தரும் நிக்கல. இங்கன போட்டேன். வண்டி தானா வந்து நிக்குது. தின்னு பாருங்க."

பன்னீர் திராட்சை. விதையைத் துப்பக்கூட மனம் வரவில்லை. இரண்டு பெட்டி வாங்கி, சரியான வழியையும் கேட்டுக்கொள்கிறோம். வண்டியை எடுக்கும் முன் கணவர் கைப்பேசியில் எதையோ தட்டுகிறார்.

"என்ன தம்பி எழுதுறீக?"

"இங்க ரோடு இல்லன்னு மேப்புல சொல்லிடுறேன்க்கா. இனிமே யாரும் வந்து மாட்ட மாட்டாங்க."

அக்காவின் முகம் வாடுகிறது. "திராட்ச வெட்டி முடியுற வரைக்கும் அந்த ரோடு மேப்புல இருந்துட்டுப் போகட்டுமே."

கணவர் எழுதியதை அழிக்கிறார்.

ஊர் வந்து சேர்ந்ததும், வழி எப்படி இருந்தது என்று மேப் கேட்கிறது. வாய் நிறையத் திராட்சையோடு ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்துகிறேன்.