கொக்குகள் திரும்பி வந்த மரம்

எர்ணாகுளத்தில் ஒரு மரத்தடியில் பஸ்ஸுக்கு நிற்கையில் தோளில் கொக்கின் எச்சம் விழுந்தது. அந்த மீன் நாற்றம் என்னை மட்டாஞ்சேரியில் அப்பா சலவைத் துணி காயப்போடும் களத்துக்கு இழுத்துப்போனது.

மழை விட்ட நேரத்தில் காயும் வெள்ளைத் துணியில் எச்சம் விழுகிறதென்று, அங்கிருந்த மரத்தின் பெரிய கிளையை அப்பா வெட்டினார். கூட்டோடு குஞ்சுகளும் விழுந்து செத்தன. அலகில் மீனோடு வந்த தாய்க்கொக்கு, கிளை இருந்த இடத்தையே இருட்டும்வரை சுற்றியது.

"வேற கொம்புக்குப் போயிடும்னு நெனச்சேன், மோளே," என்றார் அப்பா.

"பறக்கத் தெரியாத குஞ்சு எப்படிப்பா போகும்?"

அடுத்த மழைக்கும் கொக்குகள் அதே மரத்துக்கு வந்தன. நான் வாய்பிளந்து பார்த்தேன். அப்பா அண்ணாந்து பார்க்கவே இல்லை. கறைபட்ட துணிகளை மறுபடி துவைத்தார்.

பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றவர் மேலே எறியக் கல் எடுத்தார்.

"வேண்டாம் சேட்டா, கூட்டுல குஞ்சு இருக்கும்," என்றேன்.