உயிரெழுத்து அக்காவுக்கு, மெய்யெழுத்து எனக்கு

அக்கா வலது கையில் மாவுக்கட்டோடு கடைக்குள் நுழைந்தபோது, ஆவணி மாதக் கல்யாண அட்டைகள் பதினொன்று தட்டச்சுக்குக் காத்திருந்தன.

கிள்ளானில் இருக்கும் சின்ன அச்சுக்கடை அது. அக்காதான் முதலாளி. அட்டைக்குப் பூவும் மயிலும் வைத்து அழகுபடுத்துவது என் வேலை. தமிழ் அடிப்பது முழுக்க அக்காவின் வேலை. முந்தின நாள் பாசார் சந்தையில் மீன் கடை ஈரத்தில் வழுக்கி, மணிக்கட்டை முறித்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வாரம் அசைக்கக் கூடாதாம் லா. நான் சொல்றேன், நீ அடி."

அதுதான் சிக்கல். நான் மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் வாசிப்பேன்; எழுத உட்கார்ந்தால் ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒன்றுதான். "மூணு சுழி ண!" என்று அக்கா கத்த, நான் விசையைத் தேட, ஓர் அட்டை முடிவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பாதி நேரம் அவருடைய இடது கை என் தோளுக்கு மேலாக நீண்டு, தானே ஏதோ விசையை அழுத்திவிட்டுப் போனது. அந்தக் கையால் சும்மா இருக்க முடியவில்லை.

அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

பண்டமாரானில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடம் கிடையாது. மேசை நிறைய குட்டி விசைப்பலகைகள். பாகங்களாக வாங்கி, ஒவ்வொரு விசையையும் நானே பற்றவைத்துச் செய்தவை. உள்ளே இருக்கும் சில்லுக்கு, எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்று நிரலில் எழுதி ஏற்றுவேன். அதைத்தான் ஃபர்ம்வேர் என்பார்கள். என் விருப்பமான பலகை இரண்டு துண்டாக இருக்கும்: இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று, நடுவே ஒரு கம்பி. அக்கா அடிப்பதோ தமிழ் 99 விசை அமைப்பு. அதில் உயிரெழுத்தும் புள்ளியும் இடப்பக்கம். மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்பக்கம்.

மறுநாள் காலை பலகையைக் கொண்டுபோய் இடத்துண்டை அக்கா முன்னாலும் வலத்துண்டை என் முன்னாலும் வைத்தேன். என் விசைகளில் எழுத்து ஒட்டியிருந்தேன்.

"அக்கா, உயிர் உங்களுக்கு, மெய் எனக்கு. போலேயா, சரிவருமா?"

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?" என்றபடியே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

'திருமணம்' என்று தொடங்கினோம். நான் த. அவர் இ. நான் ர. அவர் உ. பிறகு ம, ண, ம மூன்றும் நான். கடைசியில் அவர் 'டக்'கென்று புள்ளி வைத்தார். திரையில் முழுச் சொல் நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் "ஏய்!" என்று கத்திவிட்டோம்.

அதற்குப் பிறகு எங்களை நிறுத்த முடியவில்லை. ஓடிப்பிடித்து விளையாடுவது மாதிரி இருந்தது. வேகம் கூடியதும் பிழையும் கூடியது. 'விருந்துண்டு' என்பதில் நான் அவசரப்பட்டு ர அடித்துவிட, அக்கா தன் இகரத்தை விட்டுவிட்டார். 'வருந்துண்டு மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம்' என்று திரையில் வந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு மேசையில் மோதி, "ஐயோ" என்று அலறி, திரும்பவும் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலில் ஓர் ஆன்டி, மகன் கல்யாண அட்டையைச் சரிபார்க்க வந்தார். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டித் தட்டிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? அட்டை அடிக்கிறீங்களா, ஆர்மோனியம் வாசிக்கிறீங்களா?"

"உங்க மவன் பேருதான் ஆன்டி வருது, பாருங்க!" என்றார் அக்கா. ஆன்டி பையைக் கீழே வைத்துவிட்டு, மருமகளின் பெயரையும் அப்படியே அடிக்கச் சொல்லி ரசித்தார். ஒரு பிழையும் இல்லாமல் வந்தது. கைதட்டினார்.

ஆனால் நான் அட்டைக்கு மயில் வைக்கப் போனால் அக்கா சும்மா உட்கார வேண்டியிருந்தது. அதற்கும் வழி இருந்தது. கட்டைவிரல் விசையைப் பிடித்துக்கொண்டால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடத்துண்டே வலத்துண்டாக மாறும்படி நிரலை எழுதினேன். அ இருந்த இடத்தில் ந. இ இருந்த இடத்தில் த. அதே விசையைத் தட்டிவிட்டால் வெறும் இடைவெளி.

அக்கா ஒற்றைக் கையால் ஒரு பத்தி அடித்து முடித்து நிமிர்ந்தார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளியே இல்லை.

"என்னடி இது? கண்டெய்னர் லோரி மாதிரி ஒரே நீளமா போகுது!"

அக்காவின் கட்டைவிரல் நிதானமானது. அவர் தட்டியதை நிரல், 'பிடித்துக்கொண்டிருக்கிறார்' என்று எடுத்துக்கொண்டது. அப்படி முடிவுகட்டும் முன் நிரல் காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கூட்டி மறுபடி ஏற்றினேன். இந்த முறை அவர் மெதுவாகத் தொடங்கினார். ஒரு சொல், ஓர் இடைவெளி, அடுத்த சொல். தன் பெயரை அடித்தார். கணவர் பெயரை அடித்தார். பிறகு நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி, "நானே அடிச்சிட்டேன் லா! ஒத்தக் கையில!" என்று பக்கத்துப் பூக்கடை வரைக்கும் கேட்கக் கூவினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரித்தபடியே.

பதினொரு அட்டைகளும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆறு வாரத்தில் மாவுக்கட்டையும் பிரித்தார்கள். பலகையை நான் திரும்பக் கேட்டபோது அக்கா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ வேற செஞ்சுக்க. இதுல ஓரத்துல இருக்கிற ஆறு விசைய யாரு தொடுறா? அத எடுத்துட்டா இன்னும் குட்டியா வரும்ல?"

போன ஞாயிற்றுக்கிழமை பலகையைக் குட்டியாக்க அக்காவே என் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் அவருக்கும் ஓர் ஓரம் ஒதுக்கிக் கொடுத்தேன்.