கரப்பான் கடித்தால் அசல்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவள். கொம்பு வர வேண்டிய இடத்தில் கால் வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் ஜாஸ்தி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான், அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன். கட்சால் தீவில் போலிப் படவட்டைக் கண்டுபிடித்த கதை இது. கண்டுபிடித்தது நான் இல்லை, கரப்பான்.

படப்பெட்டி என்று ஒன்று எங்களிடம் இருந்தது. கையில் பிடித்துக் கண்ணோடு வைத்துப் பார்க்கிற கறுப்புப் பெட்டி. மேலே உள்ள பிளவில் அப்பளம் அளவுக்கு ஒரு அட்டை வட்டைச் செருக வேண்டும். வட்டின் ஓரமெல்லாம் குட்டிக் குட்டிப் பிலிம். பக்கத்துப் பிடியை அழுத்தினால் அடுத்த படம் வரும். அசல் வட்டில் இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்குக் கொஞ்சம் தள்ளி எடுத்த இன்னொரு படம். இரண்டும் சேரும்போது யானை தும்பிக்கையை நம் மூக்குக்கு நேரே நீட்டும். போலியில் இரண்டு பக்கமும் ஒரே படம்தான். யானை சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி நிற்கும்.

சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது துரை வீட்டில் கழித்துக் கட்டியதை என் வீட்டுக்காரர் கேட்டு வாங்கி வந்தார். பெட்டியோடு ஒரே ஒரு யானை வட்டு. ரப்பர் பால் வெட்ட எங்களைச் சர்க்கார் கட்சாலுக்குக் கொண்டுவந்து விட்டபோது அதுவும் கூடவே கப்பலேறி வந்தது. முதல் மழையிலேயே பிலிமைக் கரப்பான் தின்றுவிட்டது. யானைக்குக் காது மட்டும் மிச்சம். பிறகு கடையில் ஒரு பூந்தோட்ட வட்டு கிடைத்தது. தட்டையான போலி. அதை இரண்டு மழைக்காலம் அதே பெட்டியில் போட்டு வைத்தும் ஒரு கரப்பானும் சீண்டவில்லை.

இதை முதலில் கவனித்தவர் என் மாமியார். அவருக்கு ஒரு கண்ணில் புரை. எந்த வட்டைப் பார்த்தாலும் தட்டையாகத்தான் தெரியும். அதனால் என் கண்ணையும் நம்ப மாட்டார், கரப்பானைத்தான் நம்புவார். "நல்ல பிலிமுல என்னமோ ருசி இருக்கு புள்ள. போலியில வெறும் சாயந்தான். அது என்னா மடச்சியா, சாயத்த நக்க?" என்பார்.

ஒருநாள் மத்தியானம், பால் வெட்டிவிட்டு வந்து குளித்த நேரம், தீவுக்குத் தீவு போகிற கப்பலில் வேலை பார்க்கும் கலாசி ஒருவர் மூன்று வட்டோடு நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு வந்தார். பனிமலை ஒன்று, சர்க்கஸ் ஒன்று, வெளிதேசத்துப் பட்டணம் ஒன்று. பதிலுக்கு அவர் கேட்டது எங்கள் கோழியை. உடும்பு தூக்கியது போக மிஞ்சிய ஒரே கோழி. அதுவும் முட்டையிடுகிற கோழி, மாமியாருடைய கோழி.

"ஏக்தம் அசல் மால் அக்கா. போர்ட் பிளேர்ல ஃபாரின் ஜகாஜ்ல, கப்பல்ல வந்தவன்ட்ட வாங்கினது. பாரு, பாத்துட்டுச் சொல்லு."

நான் பார்த்தேன். மூன்றும் அசல் மாதிரியே இருந்தது. எனக்கு ஆசை அப்படி. போலி என்று தெரிந்தால்கூட அசல் என்றுதான் தெரிந்திருக்கும். "மாமி, மூணும் நல்ல வட்டு" என்றேன்.

"நல்லதா இருந்தா கோழியக் குடுக்கலாம். போலியா இருந்திச்சி, கோழியோட நீயும் கப்பல்ல போயிரு" என்றார் மாமியார். பிறகு கலாசியிடம், "வச்சிட்டுப் போப்பா. காலையில சொல்றோம்" என்றார். கடல் கொதித்ததால் கப்பலும் மறுநாள்தான் கிளம்புவதாக இருந்தது. அவரும் சரி என்று போனார்.

அவர் தலை மறைந்ததும் மாமியார் விறகைப் புரட்டி மூன்று கொழுத்த கரப்பானைப் பிடித்து, வட்டுகளோடு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார்.

"மாமி, அது அந்த ஆளு பொருளு!"

"நம்ம கோழியும் பொருளுதான். சும்மா இரு, சாட்சிங்க வேலையப் பாக்கட்டும்."

விடிந்ததும் திறந்தோம். சர்க்கஸ் வட்டும் பட்டணத்து வட்டும் அலுங்காமல் இருந்தன. பனிமலை வட்டில் பாதிக்கு மேல் பிலிம் காலி. மாமியாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! நான் டின்னை மூடப் போனேன். அதற்குள் கலாசி வாசலில் வந்து நின்றார்.

"அரே! மாஜி, இது என்ன அநியாயம்? நல்ல மாலக் கீடாவுக்குப் போட்டுட்டீங்க!"

"நல்ல மாலுதான்யா, அதான் தின்னுருக்கு. மத்த ரெண்டயும் மோந்துகூடப் பாக்கலியே, அது என்னா மாலு?"

கலாசி கடலைப் பார்த்தார். "அது... ரெண்டு மட்டும்... பஜார்ல வாங்கினது."

"ஒண்ணு அசலக் காட்டி ரெண்டு போலியத் தள்ளப் பாத்தியா?"

"சரி மாஜி, ரெண்டு போலி. மூணாவது சச்சா மால்தானே? அத நாசம் பண்ணிட்டீங்க. கோழியக் குடுங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கோழி போச்சு என்றே நினைத்தேன். மாமியார் அசரவில்லை. டின்னை அப்படியே அவரிடம் நீட்டினார். "தின்னது நாங்க இல்லியே. தின்ன ஆளுங்க உள்ளதான் இருக்காங்க, கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போ."

ஒரு சாட்சி வெளியே குதித்து அவர் லுங்கிக்குள் ஏறியது. அதன் பிறகு பஞ்சாயத்து பேச அவருக்கு நேரம் இல்லை. குதித்தார், உதறினார், இந்தியில் ஏதேதோ சொன்னார், கடைசியில் அவரே சிரித்துவிட்டார். கப்பலும் ஊதிவிட்டது. நான் உள்ளே போய், சேர்த்து வைத்திருந்த நாலு முட்டையை எடுத்து வந்து அவர் தொப்பியில் வைத்தேன். பனிமலை எங்களுக்கு, போலிகள் அவருக்கு, கோழி கோழிக்கே என்று முடிந்தது.

வட்டில் இருந்த ஏழு காட்சியில் இரண்டு முழுசாக மிஞ்சியிருந்தது. வைத்துப் பார்த்தேன். மலை அப்படியே முன்னால் வந்து நின்றது, எனக்குக் குளிரெடுத்தது. மாமியார் வாங்கிப் பார்த்துவிட்டு, "மலை கெடக்கட்டும், கடிச்ச எடத்தக் காட்டு" என்றார்.

அதோடு விட்டார்களா? லயமெல்லாம் கரப்பான் பரிசோதனை பரவியது. பக்கத்து வீட்டில் கல்யாண போட்டோவையே டின்னுக்குள் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை முகம் மட்டும் காலி. "அப்ப அசல் மாப்பிள்ளதான்" என்று அந்த அக்கா போட்டோவைத் திரும்ப மாட்டிவிட்டது.

கோழி அதற்கப்புறம் ஒரு வருஷம் முட்டையிட்டது என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்காரர் இன்று இருந்திருந்தால் மூன்று மாதம் என்று சண்டைக்கு வந்திருப்பார். கொடுத்தது நாலு முட்டையா ஐந்தா என்பதிலும் எனக்குச் சந்தேகம். அந்த லயத்தில் அப்போது இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவு செய்து சரிபார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். பிலிம் பற்றித் தெரிந்தவர்கள், கரப்பான் நிஜமாகவே அசலைத்தான் தின்னுமா என்பதையும் விசாரித்துச் சொன்னால் நல்லது.