ஐம்பத்து நாலு நிமிடப் பாட்டு

தாண்டவராயனை எனக்கு முதலில் பிடிக்காது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவரைப் பற்றி முதலாளிக்குப் போன புகார்களில் பெயர், வேலை எல்லாம் போட்டுக் கையெழுத்தோடு போனது ஒன்றே ஒன்று. அது நான் எழுதியது. கலையரசி, லேப் டெக்னீஷியன், திண்டிவனம். 'காலை வேளையில் பயணிகளுக்குத் தலைவலி உண்டாக்கும் சத்தம்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு எட்டு பத்துக்குக் கிளம்பும் மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர். வண்டி திருமுருகனுக்குச் சொந்தம். அவருக்கு மொத்தம் நாலு வண்டி. எங்கள் ரூட்டில் தனியார் பஸ்ஸுக்குக் கூட்டம் சேர்வதே பாட்டால்தான். பின்னால் காலி வண்டி வந்தாலும் விட்டுவிட்டு, நல்ல பாட்டு ஓடுகிற வண்டியில் தொங்கிக்கொண்டு போகிற ஜனம் நாங்கள். அதனால் எல்லா வண்டியிலும் செல்போன் கடையில் ஏற்றிய முந்நூறு சினிமாப் பாட்டு ஒரு பென் டிரைவில் இருக்கும். தாண்டவராயன் வண்டியிலும் இருந்தது, போன சித்திரை வரைக்கும்.

அதற்கப்புறம் தினமும் ஒரே ஆல்பம். சென்னைப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து போட்டதாம். அவருடைய மச்சான் அனுப்பி வைத்தது. ஏழு பாட்டு, ஆனால் நடுவில் இடைவெளி கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஐம்பத்து நாலு நிமிடம் ஓடும். ஒரு ஏரி உடைகிற இரவின் கதை. ஒருத்தன் தெருத்தெருவாகப் போய்க் கதவைத் தட்டி எல்லோரையும் எழுப்புகிறான். இந்த வகைக்கு ப்ராக்ரசிவ் ராக் என்று பெயர் என்பதை எரிச்சலில் போனில் தேடித் தெரிந்துகொண்டேன். அங்கேயும் அந்த ஆல்பத்தைக் கேட்டவர்கள் கமெண்டில் அடித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்ஸ் அபாரம் என்று ஒருவர். கதை புரியவில்லை, மூன்று ஸ்டார் என்று ஒருவர். பதினோரு நிமிடம் வார்த்தையே இல்லாமல் கிடாரை வைத்து அறுக்கிறார்கள், யாருக்காக என்று இன்னொருவர். அவருக்கு ஒரு லைக் போட்டுவிட்டு வந்தேன்.

கண்டக்டர் ரஞ்சித் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் டிக்கெட் கொடுத்தான். இறங்கும் ஊரைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. புகார் மேல் புகார் போனது. திருமுருகன் தன்னை நியாயஸ்தர் என்று நினைத்துக்கொள்கிறவர். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்ய அவருக்கு மனம் வரவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய நோட்டைக் கட்டித் தொங்கவிட்டார், கூடவே கயிற்றில் ஒரு பேனா. 'பாட்டு பற்றிப் பயணிகள் கருத்து. பெயர், ஏறும் ஊர், இறங்கும் ஊர் அவசியம்' என்று முதல் பக்கத்தில் இருந்தது. ஒரு மாதம் கெடு. நோட்டில் பெரும்பான்மை எதுவோ அதுதான் முடிவு.

அந்த ஒரு மாதமும் எனக்கு நல்ல பொழுதுபோக்கு. நர்சிங் படிக்கிற இளவரசி விழுப்புரத்தில் ஏறி முண்டியம்பாக்கத்தில் இறங்குகிறவள். 'செம ஜாலி. காலையிலேயே ஆடணும் போல இருக்கு' என்று எழுதியிருந்தாள். விக்கிரவாண்டியில் ஏறிக் கூட்டேரிப்பட்டில் இறங்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் புகழேந்தி, 'சொல்லே இல்லாத பாட்டு தமிழுக்குச் செய்யும் துரோகம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். விக்கிரவாண்டியில் ஏறி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவித்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விற்கப் போகும் பாஞ்சாலியக்காவுக்கு எழுதத் தெரியாது. என்னை எழுதச் சொன்னார்.

"எழுதும்மா. எழவு வூட்டுல குந்திக்கினு வர்ற மாதிரி கீதுன்னு எழுது."

அப்படியே எழுதினேன். ஏறும் ஊர், இறங்கும் ஊர் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முண்டியம்பாக்கத்துக்குள் இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் அது கொண்டாட்டப் பாட்டு. ஏரி நிரம்பிய சந்தோஷத்தில் பிள்ளைகள் ஆடும் இடத்தோடு அவர்கள் இறங்கிவிடுகிறார்கள். விக்கிரவாண்டிக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் நடுவே போகிறவர்களுக்கு கிடாரிலேயே எழுப்பும் அந்தப் பதினோரு நிமிடத் தண்ணீர்ச் சத்தம் மட்டுந்தான். அதற்கப்புறம் திண்டிவனம் வரைக்கும் ஒப்பாரி. அவரவர் ஏறி இறங்குகிற துண்டைக் கேட்டுவிட்டு முழு ஆல்பத்துக்கும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம்.

சரி, முழு தூரமும் போகிற எனக்காவது தெரியுமா என்றால், அதுவும் இல்லை. பாட்டு ஐம்பத்து நாலு நிமிடம், எங்கள் வண்டிக்கு ஐம்பதே நிமிடம். பஸ் ஸ்டாண்டுக்குள் சத்தம் வைக்கக் கூடாது என்பதால் விழுப்புரம் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் போடுவார். திண்டிவனம் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் நிறுத்திவிடுவார். கடைசி நாலு நிமிடத்தை எங்களில் ஒருத்தரும் கேட்டதில்லை.

மறுநாள் இறங்கும்போது அதில் என்ன வருகிறது என்று அவரிடமே கேட்டேன். அவர் கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தார். தலைவலி என்று எழுதிப் போட்டது நீங்கள்தானே என்றார். நான்தான் என்றேன். கடைசி தெரியாமலேயே எழுதிவிட்டீர்கள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓடுகிற தூரத்தைவிட நீளமான பாட்டை யார் போடச் சொன்னது என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனேன்.

கெடு முடிந்த சனிக்கிழமை காலை திருமுருகன் விழுப்புரத்துக்கே வந்தார். வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருக்க, படிக்கட்டுப் பக்கம் நின்று நோட்டை எண்ணினார். வேண்டாம் என்று நாற்பத்தொன்று, வேண்டும் என்று பன்னிரண்டு. திங்கட்கிழமை முதல் சினிமாப் பாட்டு. இல்லையென்றால் நீ முகையூர் டவுன் பஸ்ஸுக்குப் போ என்றார். முகையூர் வண்டி பழைய வண்டி, தினப்படியும் குறைவு, ரோடும் மோசம். தண்டனை கொடுக்கத்தான் அந்த வண்டியையே அவர் வைத்திருக்கிறார் என்று ரஞ்சித் சொல்வான்.

தாண்டவராயன் சீட்டை விட்டு எழுந்து நின்றார். ஆறு மாதத்தில் அவர் நாலு வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

"மொதலாளி, போன வெள்ளத்துல எங்க ஊட்டுக்குள்ள கழுத்து மட்டும் தண்ணி. நானும் என் பொண்டாட்டி அருணாவும் பக்கத்து மாடியில ரெண்டு நாள் குந்திக்கினு இருந்தோம். ரெண்டு மாட்ட கட்டுத்தறியிலயே வுட்டுட்டு ஏறிட்டேன். கயித்த அவுத்து வுட்டிருந்தா நீந்திப் பொழச்சிருக்கும். தண்ணி வடிஞ்சப்பறம் ஒரு டிவிக்காரங்க வந்து மைக்க நீட்டுனாங்க. மாட்டப் பத்தி ஆரம்பிச்சேன். சுருக்கமா சொல்லுங்கண்ணான்னாங்க. அதோட வாய மூடுனவன்தான். அருணாகிட்ட கூட அப்பறம் அதப் பத்திப் பேசல. இந்தப் பாட்டு ஒண்ணுதான் சுருக்காம சொல்லுது. வண்டிய மாத்துங்க. பாட்ட மாத்த மாட்டேன்."

திருமுருகன் லேசுப்பட்ட ஆளில்லை. "தெனம் திண்டிவனத்துல நீயே பாதியில நிறுத்தத்தான செய்யிற?" என்றார்.

தாண்டவராயனுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கே வலித்தது.

"ஆமாங்க. அது என் தப்புதான். இன்னிக்கி நிறுத்த மாட்டேன்."

அவ்வளவுதான். உட்கார்ந்து வண்டியை எடுத்தார். ரூட் போனது போனதுதான், திங்கட்கிழமை முதல் அவர் முகையூர் வண்டிக்காரர் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் பாட்டைப் போட்டார். விக்கிரவாண்டியில் ஏறிய பாஞ்சாலியக்காவுக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பதினோரு நிமிடம் வந்தபோது எனக்கு முதன்முறையாக அது நீளமாகத் தெரியவில்லை. மாடியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவருக்கு அது எத்தனை சின்னது.

சரியாக ஒன்பதுக்குத் திண்டிவனத்தில் வண்டியை நிறுத்தும் இடத்தில் போட்டு இன்ஜினை அணைத்தார். பாட்டை அணைக்கவில்லை. பழக்கத்தில் எல்லோரும் எழுந்துவிட்டோம். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி டைம் கீப்பர் விசில் அடித்தார். அடுத்த வண்டிக்காரன் பின்னால் வந்து ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பாதிப் பேர் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். பாஞ்சாலியக்கா கூடையைத் தூக்கினவர், திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் படிக்கட்டில் நின்று பின்வண்டி டிரைவரிடம் நாலே நிமிடம் பொறுக்கச் சொன்னேன். இன்னாம்மா பேஜாரு இது என்றார். ஆமாம் பேஜாருதான், பொறுங்க என்றேன். எனக்கு அந்த தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

உள்ளே கிடார் நின்று வெறும் குரல் வந்தது. ஊரையெல்லாம் எழுப்பினவன் கடைசியில் தன் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறான். எதையெதை விட்டுவிட்டு ஓடினான் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். அவசரமே படவில்லை. தாண்டவராயன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தார். சொல்லி முடித்ததும் அவன் அழப் போகிறான் என்றுதான் நினைத்தேன். டிரம்ஸ் திரும்பி வந்தது. சேற்றில் விழுந்து கிடந்த கதவைப் பெயர்த்தெடுத்து நிலையில் மாட்டுகிறான். டிரம்ஸ் அடி அடியென்று அடித்ததில் வண்டித் தகரமெல்லாம் அதிர்ந்தது.

"இது எழவுப் பாட்டு இல்லம்மா," என்றார் பாஞ்சாலியக்கா. "சண்டைக்கி நிக்கிற பாட்டு."

அப்போது டாஷ்போர்டில் இருந்த தாண்டவராயனின் போன் அடித்தது. திருமுருகன். யாரோ அதற்குள் சொல்லிவிட்டார்கள். தாண்டவராயன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தது. ரஞ்சித் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனை எடுத்தான். அடுத்து அவனும் முகையூர்தான் என்று நினைத்தேன்.

"பாட்டு ஓடிக்கினு கீதுங்க மொதலாளி. முடிஞ்சதும் பேசுவாரு."

போனை அவன் வைக்கவும் இல்லை. பேச்சைத் துண்டிக்காமல் அப்படியே ஸ்பீக்கர் பக்கத்தில் நீட்டிப் பிடித்தான். இறங்காமல் நின்ற பதினைந்து பேரும், போனுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவரும் மிச்சத்தைக் கேட்டோம். கடைசி அடி விழுந்தது. பின்வண்டி ஹாரனும் எப்போதோ நின்றிருந்தது.

தாண்டவராயன் கையை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"முடிஞ்சிடுச்சிங்க. இப்ப நீங்க சொல்லுங்க."